வேர்க்காத வேகம்

வேலைக்கு சைக்கிளில் போகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி, "உடம்புக்கு ரொம்ப நல்லதாச்சே" என்று பாராட்டும். இன்னொரு கட்சி, "பார்த்துப் போங்க, ரோட்டுல ஒவ்வொருத்தனும் கண்ணுமண்ணு தெரியாம வர்றான்" என்று கலங்கும். என்னைப் பொறுத்தவரை இது உடற்பயிற்சியும் இல்லை, சாகசமும் இல்லை. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போய்ச் சேர ஒரு வழி, அவ்வளவுதான். அப்படி எடுத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு இது வழக்கமாக நிலைத்தது. எந்த சைக்கிள், எந்தப் பாதை, எவ்வளவு வேகம், பையை எங்கே வைப்பது என்று எல்லாக் கேள்விக்கும் பதில் அதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் வேகம். சைக்கிளில் போக ஆரம்பித்து ஓரிரு வாரத்தில் விட்டுவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் வேகமாக ஓட்டுபவர்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, மூச்சு வாங்க வந்து சேர்வார்கள். மூன்றாம் நாள் தொடை வலிக்கும். ஐந்தாம் நாள் பஸ். காரணம் எளிமையான கணக்கு. சமதரையில் போகும்போது நாம் சண்டை போடுவது பெரும்பாலும் காற்றோடு. அந்தச் சண்டைக்குச் செலவாகும் சக்தி, வேகம் கூடக்கூட மும்மடி விகிதத்தில், அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவர் 20-க்கு ஏற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றுக்குக் கொடுக்கும் சக்தியோ இரண்டு மடங்குக்கும் மேல். 6 கிலோமீட்டர் தூரத்துக்கு இதில் கிடைக்கும் லாபம் 6 நிமிடம். அதிலும் பாதியை சிக்னல்கள் விழுங்கிவிடும். மிச்சமிருப்பது வேர்வை காய்வதற்காக மின்விசிறிக்குக் கீழே நிற்பதில் போய்விடும். பாய்ந்து முந்திக்கொண்டு போன அதே ஆளை அடுத்த சிக்னலில் பக்கத்தில் நின்று பார்ப்பது நகரத்து சைக்கிள்காரர்களின் சின்னச் சந்தோஷங்களில் ஒன்று.

ஆகவே, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம்தான் வேலைக்குப் போகும் வேகம். வாயைத் திறக்க வேண்டி வந்தால் கியரைக் குறைத்துவிடுவேன். எதிர்காற்று அடிக்கும் நாளில் அதை ஒரு மேடாக நினைத்துக்கொள்ள வேண்டும். மேட்டில் யாரும் சமதரை வேகத்தை எதிர்பார்க்க மாட்டார்கள். காற்றில் மட்டும் ஏன் எதிர்பார்க்கிறோம் என்று தெரியவில்லை.

வேர்வை பற்றி இன்னும் ஒன்று. ஓடும்போது காற்று பட்டு உடம்பு ஆறிக்கொண்டே வருகிறது. நிறுத்தியதும் காற்று நின்றுவிடும், ஆனால் உள்சூடு இறங்க நேரமாகும். அதனால்தான் வழியெல்லாம் வராத வேர்வை அலுவலக வாசலில் கொட்டுகிறது. கடைசி ஒரு கிலோமீட்டரை நடையை விடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். போனவுடன் முகம் கழுவி சட்டை மாற்ற ஓடாமல், பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, உடம்பு அடங்கிய பிறகு துடைத்துக்கொண்டு மாற்றினால் அந்தச் சட்டை உலர்ந்தே இருக்கும். உடனே மாற்றினால் இரண்டு சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

பையை முதுகில் மாட்டினால் என்ன மெதுவாகப் போனாலும் முதுகு நனையும். கேரியரில் கட்டுங்கள், அல்லது கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பை வாங்கிக்கொள்ளுங்கள். எடை கீழே இறங்குவதால் வண்டியும் ஆடாது. அலுவலகத்தில் ஒரு ஜோடி செருப்போ ஷூவோ, ஒரு துண்டு, ஒரு மாற்றுச் சட்டை நிரந்தரமாக இருந்தால் தினமும் சுமப்பது பாதியாகக் குறையும். இரவே பையைக் கட்டிவைத்துவிடுவதும் முக்கியம். காலையில் ஐந்து நிமிடம் தாமதமானால் முதலில் பலியாவது சைக்கிள்தான். சாவி எங்கே, விளக்கில் சார்ஜ் இருக்கிறதா, மழைச்சட்டை எந்த அலமாரியில் என்று தேட ஆரம்பித்தால் அன்றைக்குப் போன மாதிரிதான்.

என்ன சைக்கிள் வாங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏற்கெனவே வீட்டில் இருப்பதை எடுத்து ஓட்டுங்கள் என்பதுதான் என் பதில். அதற்குப் பிறகு வாங்குவதாக இருந்தால் மட்கார்டு, கேரியர், செயின் கவர் மூன்றும் இருக்கிறதா, அல்லது மாட்ட இடமாவது இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் பளபளப்பாக நிற்கும் பல வண்டிகளில் மூன்றுமே இருக்காது. பின் மட்கார்டு இல்லாத வண்டியில் மழைநாளில் ஒருமுறை போனால் முதுகில் சேற்றுக் கோடு விழும். ஷாக் அப்சார்பர் வைத்த மலைப்பாதை வண்டியை நகரத்துக்கு வாங்குவது எனக்குப் பிடிபடாத விஷயம். எடை கூடும், மிதிக்கிற சக்தியில் கொஞ்சத்தை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். 35 முதல் 45 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் இருந்தால் நகரத்துக் குண்டும்குழியும் அதிலேயே அடங்கிவிடும். காற்றடைத்த டயரின் வேலையே அதுதானே. 1880-களின் கடைசியில் ஜான் பாய்ட் டன்லப் அதைச் செய்ததே தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் தடதடக்காமல் ஓடுவதற்காகத்தான்.

சீட் உயரத்தில் பலர் கஷ்டப்படுகிறார்கள். உட்கார்ந்தபடியே இரண்டு கால்களும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்திவிடுவார்கள். அப்புறம் முட்டி மடங்கி மடங்கி வலிக்கும், சைக்கிளே ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டிருந்தால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால்தான் மிதிப்போம் என்பதால் முட்டியில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொண்டால் போதும். இதோடு, கனமான கியரை அழுத்தி அழுத்தி மிதிக்காமல், லேசான கியரில் நிமிடத்துக்கு 70, 80 சுற்று வருகிற மாதிரி சுற்றினால் முட்டி உங்களை வாழ்த்தும். சிக்னல் வரப்போகிறது என்று தெரிந்ததுமே, ஓட்டத்திலேயே கியரை இறக்கிவிடுங்கள். நின்ற பிறகு கனத்த கியரில் கிளம்புவது காலுக்கும் செயினுக்கும் கேடு.

இனி பாதை. கார் போகும் வழியும் சைக்கிள் போகும் வழியும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. வரைபடச் செயலி காட்டும் மிகக் குறுகிய வழி பெரும்பாலும் வண்டிகள் பறக்கிற பெரிய சாலையாகவே இருக்கும். அரை கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை என்று உள்தெருக்களாகப் பிடித்து ஒரு பாதை கட்டிக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் ஒருமுறை, அவசரமே இல்லாமல் அதில் போய்ப் பாருங்கள். நான் பாதையை அளப்பது கிலோமீட்டரில் அல்ல. எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்ப வேண்டிய இடங்கள் எத்தனை என்றுதான் எண்ணுவேன். அவைதான் ஆபத்தான இடங்கள். தவிர்க்க முடியாத பெரிய சந்திப்பில் நடுச்சாலைக்குப் போய்க் காத்திருக்கத் தேவையில்லை. நேராகப் போகும் பச்சையில் ஓரமாகவே எதிர்மூலைக்குப் போய் நின்று, வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பச்சையில் கிளம்பலாம். ஒரு சிக்னல் நேரம் கூடும். இருக்கட்டும்.

சாலையில் எங்கே ஓட்டுவது? புதிதாக வருபவர்கள் பயத்தில் ஓரத்திலும் ஓரமாக, நடைமேடைக் கல்லை உரசிக்கொண்டே போவார்கள். பாதுகாப்பு மாதிரித் தோன்றும். உண்மையில் அதுதான் மோசமான இடம். கண்ணாடித் துண்டு, மணல், சாக்கடைக் கம்பி எல்லாம் ஒதுங்குவது அங்கேதான். பள்ளம் வந்தால் விலக இடம் இருக்காது. அதை விட, அவ்வளவு ஒடுங்கிப் போனால் பின்னால் வருகிற வண்டிக்கு இதே தடத்தில் நுழைந்துவிடலாம் என்று ஆசை வரும். பிரிட்டனின் சாலை விதிக் கையேடு ஓரக்கல்லிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளி ஓட்டச் சொல்கிறது. சாலை குறுகலாக இருந்தால் நான் இன்னும் தள்ளி, தடத்தின் நடுவிலேயே ஓட்டுவேன். பின்னால் வருபவர் முந்துவதா வேண்டாமா என்று யோசித்து முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் அப்போதுதான் வரும். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழி விட்டு, கையைத் தூக்கிக் காட்டினால் பெரும்பாலானோர் கோபப்படுவதில்லை.

நிறுத்தியிருக்கும் கார்களின் வரிசையைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலம், அதாவது ஒரு மீட்டராவது விட்டுத்தான் போக வேண்டும். திடீரென்று திறக்கும் கதவில் ஹேண்டில்பாரின் நுனி மாட்டினால் சக்கரம் திரும்பி, நம்மைச் சாலையின் நடுப்பக்கமாகத் தூக்கிப் போடும். பின்னால் வண்டி வந்தால் அவ்வளவுதான். கார்களின் உள்ளே தலை தெரிகிறதா, பின்விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று பார்த்துக்கொண்டே போவது பழக்கமாகிவிடும். கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கதவுப் பக்கத்துக் கையால் திறக்காமல், மறுபக்கக் கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பி, கண் பின்பக்கம் போகும். டச்சுக்காரர்களின் பெயரில் வழங்கும் இந்த முறையை பிரிட்டன் 2022-இல் தன் கையேட்டிலேயே சேர்த்துக்கொண்டது. வீட்டுக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

கனரக வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். நான் தினமும் கடக்கும் ஒரு சந்திப்பில் லாரிகள் ஓரப்பக்கமாகத் திரும்பும். ஒருநாள் சிவப்பில் நின்ற லாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஓரத்தில் ஒரு சைக்கிள் நுழைகிற அளவுக்கு இடைவெளி. முன்னே போய் நிற்கச் சொல்லி அழைக்கிற மாதிரியே இருந்தது. பச்சை விழுந்தது. லாரியின் மூக்கு முதலில் நேராகப் போய், அப்புறம் திரும்பியது. முன்சக்கரம் அகலமாக வளைந்து போக, பின்சக்கரங்கள் அந்தத் தடத்தில் போகாமல் மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தன. சற்று முன் காலியாக இருந்த இடைவெளி கண் முன்னே கத்தரிக்கோல் மாதிரி மூடிக்கொண்டது. கடைசிச் சக்கரம் ஓரக்கல்லின் மேல் ஏறி இறங்கிப் போனது. நீளமான வண்டி எதுவானாலும் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாகத்தான் வரும். ஓட்டுநர் எவ்வளவு நிதானமானவராக இருந்தாலும் இது மாறாது. உயரமான கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பக்கத்தில் கீழே நிற்கும் சைக்கிள் தெரியாமலும் போகலாம். பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால் நானும் அவருக்குத் தெரியவில்லை என்றே கணக்கு. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஓரப்பக்கம் நுழைவதே இல்லை. பின்னால் நின்று, அது போன பிறகு போகலாம்.

கார்கள் என்ன செய்யப்போகின்றன என்று தெரிந்துகொள்ள, இண்டிகேட்டரை நம்பாமல் முன்சக்கரத்தைப் பாருங்கள். பக்கத்துத் தெருவிலிருந்து எட்டிப் பார்க்கும் கார் நகர ஆரம்பிப்பது முதலில் சக்கரத்தில்தான் தெரியும். ஓட்டுநரின் கண்ணைப் பார்ப்பதும் நல்லது. ஆனால் பார்வை நம் மேல் படுவதும் மனசில் பதிவதும் வேறுவேறு. பிரேக்கில் இரண்டு விரல் இருக்கட்டும்.

சாலைப் போக்குவரத்து குறித்த 1968-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் சைக்கிளையும் ஒரு வாகனமாகத்தான் வரையறுக்கிறது. அதனால்தான் சாலையில் இடம் கேட்கிறோம். கேட்டால், சிவப்பில் நிற்கவும் வேண்டும், ஒருவழிப்பாதையில் எதிரே வராமலும் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் வரும் சைக்கிள்காரர்கள் மேல் எனக்கு வருகிற கோபம் கார்காரர்கள் மேல்கூட வருவதில்லை. தெருமுனையில் திரும்புகிற யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தும் வருகிறார்கள்.

இருட்டில் விளக்கு இல்லாமல் ஓட்டாதீர்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. முன்விளக்கைக் கொஞ்சம் தரையைப் பார்த்துச் சாய்த்து வைக்க வேண்டும், எதிரே வருபவர் கண்ணைக் கூசவைப்பதால் நமக்கு ஒரு நன்மையும் இல்லை. செலவில்லாத உதவி ஒன்று உண்டு: கணுக்காலில் கட்டும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை. ஒரே இடத்தில் மின்னும் சட்டையை விட மேலும் கீழும் போய்வரும் இரண்டு கால்கள், தூரத்திலேயே இது மிதித்துப் போகிற ஆள் என்று காட்டிக்கொடுக்கும். பேன்ட் செயினில் மாட்டாமல் இருக்கவும் அதே பட்டை உதவும். ஹெல்மெட் போட்டால் நெற்றியை மூடுகிற மாதிரி நேராகப் போடுங்கள். பின்னந்தலையில் ஏற்றி வைத்துக்கொள்வதில் பயனில்லை.

மழையில் பயப்பட வேண்டியது நனைவதற்கு அல்ல, வழுக்கலுக்கு. வறண்ட நாட்களுக்குப் பிறகு பெய்யும் முதல் மழை, சாலையில் படிந்த எண்ணெயையும் தூசியையும் குழைத்து வைத்துவிடும். வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி, தண்டவாளம் மூன்றும் நனைந்தால் சோப்புதான். அவற்றின் மேல் போகும்போது திரும்பக்கூடாது, பிரேக்கும் பிடிக்கக்கூடாது. நேராக, மிதிக்காமல் உருண்டு கடக்க வேண்டும். தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் சிக்கும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டியில் நனைந்த ரிம் முதல் சில சுற்றுக்குப் பிடிக்காது. நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பிருந்தே லேசாகத் தேய்த்துத் தண்ணீரை வழித்துவிடுங்கள். தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சுற்றிப் போங்கள், இல்லை இறங்கித் தள்ளுங்கள்.

பஞ்சர் என்றால் பலருக்கு நடுக்கம். பஞ்சர்களில் பல காற்று குறைவாக இருப்பதால் வருபவை. டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் ஆணி எதுவும் குத்தவில்லை. காற்றில்லாத டயர் பள்ளத்தில் விழுந்து, ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் எவ்வளவு காற்று என்று அச்சடித்திருப்பார்கள். டியூப் நல்லதாக இருந்தாலும் காற்று தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வாரம் ஒருமுறை பம்ப் எடுங்கள்.

அதையும் மீறிக் குத்தினால், ஒட்டுவதை விட முக்கியமானது குத்தியதைக் கண்டுபிடிப்பது. சமீபத்தில் எனக்கு வந்த பஞ்சரில் டயரை வெளியிலிருந்து எவ்வளவு பார்த்தும் ஒன்றுமே தெரியவில்லை. டியூபைக் கழற்றி காற்றடித்து, ஓட்டை வால்வுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து, டயரில் அதே இடத்தில் உள்பக்கம் ஒரு பழந்துணியை ஓட்டினேன். துணி ஒரு இடத்தில் இழுத்தது. தலைமுடி கனத்தில், நகத்தால் பிடிக்கக்கூட முடியாத ஒரு எஃகுக் கம்பி. தேய்ந்துபோன கார், லாரி டயர்களுக்குள்ளிருந்து பிய்ந்து சாலையில் கிடப்பவை இவை. அதை எடுக்காமல் ஒட்டிப் போட்டிருந்தால் அடுத்த தெருவிலேயே மறுபடி இறங்கியிருக்கும். வெறும் விரலை விட்டுத் தேடாதீர்கள், கண்ணாடியாக இருந்தால் கிழித்துவிடும். டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பளபளப்பு போய்க் காயும் வரை காத்திருந்து அப்புறம்தான் பேட்சை அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது. காலை நேரத்தில் இதற்கெல்லாம் பொறுமை இருக்காது என்பதால் பையில் ஒரு மாற்று டியூபும் சின்னப் பம்பும் வைத்திருக்கிறேன். ஓட்டையானதை வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

செயின் ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததற்கு சரியாக அரை அங்குலம். ஊசிக்கு ஊசி 24 கண்ணிகளை ஸ்கேலால் அளந்தால் 12 அங்குலம் வர வேண்டும். தேய்ந்து நீண்டு, அந்த 12 அங்குலத்துக்கு மேல் ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு வரை இழுத்தடித்தால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். எண்ணெய் விட்டதும் வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு வேலை உள்ளே உருளைகளில்தான், வெளியே இருப்பது தூசியைத்தான் பிடிக்கும். பிரேக் கட்டையில் உள்ள கோடுகள் அழிந்துவிட்டால் மாற்றுங்கள். சக்கரம் ஒரு பக்கமாக உரசினால் கோட்டம் எடுக்கக் கடையில் கொடுத்துவிடுவேன். ஸ்போக்ஸைத் திருகுகிற பொறுமை எனக்கு இல்லை.

பூட்டைச் சக்கரத்துக்கு மட்டும் போட்டால் வண்டி மட்டும் போகும், சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) மட்டும் போட்டால் சக்கரம் போகும். யு வடிவப் பூட்டை, பின்சக்கரமும் சட்டத்தின் பின்முக்கோணமும் சேருகிற இடத்தில், அசையாத கம்பியோடு சேர்த்துப் போடுங்கள்.

எல்லா நாளும் சைக்கிளில்தான் போவேன் என்று சபதம் எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் நாள், புயல் எச்சரிக்கை நாள், தூக்கம் கெட்ட நாள் என்றால் பஸ்ஸில் போய்விடுவேன். மாலையில் இடி மின்னலோடு மழை பிடித்துக்கொண்டால் வண்டியை அலுவலகத்திலேயே பூட்டிவிட்டு வந்துவிடலாம். அதற்கு அங்கே இரவு நிறுத்த அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள், விளக்கையும் பம்பையும் மட்டும் மறக்காமல் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.